கல்லின் அடிப்பக்கம்

செத்தவரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் வாசலில் கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். இப்போது போனை நீட்டிக்கொண்டே உள்ளே வருகிறார்கள். அழுகை அப்புறம், படம் முதலில். ஏன் என்று கேட்டால் ஆதாரம் என்கிறார்கள். கண்ணால் பார்த்தது புத்தியில் ஏறாதவனுக்கு ஆதாரம் எதற்கு? மொட்டைத் தலையனுக்குச் சீப்பு வாங்கிக் கொடுத்த மாதிரி.

அன்று காலை இன்ஸ்பெக்டரும் அதைத்தான் செய்தார். டீ டம்ளரில் போனைச் சாய்த்து நிறுத்தி, கடலுக்கு அடியில் ஒரு மனிதன் கற்களுக்குக் கீழே கிடப்பதைக் கல்யாண வீடியோ போல ஓடவிட்டார். முகத்தில் ஒரு திருப்தி வேறு.

என் பக்கத்தில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். என் மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் வீட்டில் அவன் சட்டைதான் இருக்கும், அவன் இருக்க மாட்டான். அதனால் நான் துப்புத் துலக்கப் போகிற இடத்துக்கெல்லாம் இவள்தான் கார் ஓட்டுகிறாள். காரைவிட இவள் வாய் வேகமாக ஓடும்.

"போலீஸ் எடுத்த வீடியோன்னு சொல்லவே வேணாம் மாமா. மேல ஆடுது, கீழ ஆடுது, நடுவுல இருக்கறது மட்டும் தெரியல," என்றாள்.

தெரிந்தது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு பழைய சரக்குக் கப்பல் முழுகிக் கிடக்கிறது. அதைச் சுற்றிப் பாறைத் தரை. கப்பலிலும் பாறையிலும் ஒட்டியிருப்பது, ஊர்வது, நீந்துவது என்று எல்லாவற்றையும் கணக்கெடுப்பதற்கென்றே ஒரு ஆராய்ச்சி ஆபீஸ் இருக்கிறது. தரையில் டேப்பை விரித்து, இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் இருப்பதைப் படமெடுத்து எண்ணுவார்கள். செத்தவர் அந்த ஆபீஸின் போட்டோக்காரர். கப்பல் வயிற்றுக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த சந்தில் மல்லாந்து கிடந்தார். முதுகில் கட்டிய காற்று சிலிண்டரின் வார், கிழிந்த இரும்புத் தகட்டில் மாட்டியிருந்தது. நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் கல். இரண்டு கையும் கல்லுக்கு அடியில். முகம் மட்டும் வெளியே. அதில் மீன்கள் வேலையை ஆரம்பித்திருந்தன.

அதற்கடுத்த துண்டு, உடலைப் போலீஸ் படகில் ஏற்றிய பிறகு எடுத்தது. மருமகள் போனைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் பார்த்தாள்.

"செத்தவரு நகத்துக்கு ஆரஞ்சு கலர் பாலிஷ் போட்டிருக்காரு மாமா. நல்ல சாய்ஸ்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என்ன என்றும் அப்போது தெரியவில்லை.

இன்ஸ்பெக்டரின் கதை சுருக்கமானது. முழுகிய கப்பலில் பித்தளைச் சாமான்களைக் கழற்றித் திருடுகிற ஒருத்தன் இருக்கிறான். ஊர் அவனைப் பித்தளை என்றே கூப்பிடும். போட்டோக்காரர் ஒருமுறை அவனைத் தண்ணீருக்குள்ளேயே படம் பிடித்துப் போலீசில் கொடுத்து, அவன் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தான். இப்போது போட்டோக்காரர் கிடந்த சந்துக்குப் பக்கத்தில் அவனுடைய கடப்பாரை கிடைத்திருக்கிறது. மேட்டில் இருந்த கற்களைக் கடப்பாரையால் நெம்பி, கீழே இருந்தவர்மேல் உருட்டிவிட்டான். முடிந்தது கதை. சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

பித்தளை லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வலது கையில் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் போக வேண்டிய திசையில் போகவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றார் இன்ஸ்பெக்டர்.

"உங்க கதவு நல்லாத்தான் விசாரிக்குது சார்," என்றாள் மருமகள்.

எங்களை வரச்சொன்னது பித்தளையின் அக்கா. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற வேலை. கணவன் போன பிறகு தம்பியைத் தவிர நாதி இல்லை. ஸ்டேஷன் வாசலில் என் காலைப் பிடிக்க வந்தவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். உன் தம்பி அன்றைக்குத் தண்ணீரிலேயே இறங்கவில்லை என்கிறானே, அது பொய் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கடலில் கிடக்கிற இரும்பு எதுவும் சும்மா இருக்காது, பாசி பிடிக்கும், சிப்பி ஒட்டும். அந்தக் கடப்பாரை மழித்த தாடை மாதிரி வழவழவென்று இருந்தது. அன்றைக்குத்தான் உள்ளே போயிருக்கிறது.

அவள் இல்லை என்று சொல்லவில்லை.

"பொய் சொல்லுவான்யா. திருடுவான். கொல்ல மாட்டான். அவனுக்குத் தூக்கு கெடச்சா எனக்கும் சேத்துக் கயிறு வாங்கச் சொல்லுங்க."

இப்படிப் பேசுகிற அக்காக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருடைய தம்பிகள் கொலை செய்தவர்கள்தான். இருந்தாலும் காரில் ஏறினேன்.

ஆராய்ச்சி ஆபீஸ் துறைமுகக் கோடவுனுக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பரும் உப்பும் கலந்த நாற்றம். கொடியில் முங்கு உடுப்புகள் தலையில்லாத ஆட்கள் போலத் தொங்கின. ஒன்று போட்டோக்காரருடைய மாற்று உடுப்பு. அதை யாரும் இன்னும் எடுத்து வைக்கவில்லை, பக்கத்து உடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அங்கே எல்லாருக்கும் மேலே இருக்கிற அம்மாளை டாக்டரம்மா என்றார்கள். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, படித்த டாக்டர். ஒல்லி. உப்பில் வெளுத்த தலைமுடி. கண்ணாடித் தட்டில் இருந்த ஒரு சின்ன நண்டை ஓவியம் வரைகிற தூரிகையால் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோனாள். பச்சைக் குழந்தைக்குக்கூட அவ்வளவு பதமாக யாரும் வாய் துடைத்துவிட மாட்டார்கள்.

சம்பவத்தன்று போட்டோக்காரரோடு தண்ணீரில் இறங்கியது இவள்தான். அவர்கள் எப்போதும் சோடியாகத்தான் இறங்குவார்களாம். டேப்பின் ஒரு முனையில் அவர் படமெடுத்தார், மறுமுனையில் கப்பலின் வால் பக்கம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்றாள். திரும்பி வந்தபோது அவர்மேல் கற்கள் சரிந்து கிடந்தன, மூச்சில்லை. மேலே போய்ப் படகுக்காரரை எழுப்பினாள். படகுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லும்போதும் தூரிகை நிற்கவில்லை.

சுவரில் கதவு அளவுக்கு ஒரு படம். நீல உடம்பில் மஞ்சள் கோடு போட்ட ஏதோ ஒன்று. ஓடில்லாத நத்தை என்றாள். நிஜத்தில் நகக்கண் அளவுதானாம். உலகத்தில் வேறு எங்கும் யாரும் பார்த்ததில்லையாம், அந்தக் கப்பலில் மட்டும்தான் இருக்கிறதாம்.

"யாரு கண்டுபிடிச்சது மேடம்?" என்று மருமகள் கேட்டாள்.

"நான்."

"படம் எடுத்தது?"

"அவர் எடுத்தார். எங்க தேடணும்னு சொன்னது நான். இருபது வருஷமா அந்தக் கப்பல்ல முங்குறேன்."

கேட்டது ஒன்று, வந்தது மூன்று. அதிகப்படியான பதிலுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். நான் வெளியே போய் நின்றேன்.

கோடவுனுக்குப் பின்னாலேயே பாறைக் கரை. தண்ணீர் வற்றி, கற்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றின் தலையிலும் பச்சைப் பாசி. என் பின்னாலேயே வந்த மருமகளுக்குக் கை சும்மா இருக்காதே. ஒரு கல்லைப் புரட்டினாள். அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மெத்து மெத்தென்று ஏதோ படர்ந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள், ஐயே என்றாள், கல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

மாடியிலிருந்து செருப்பு இல்லாமல் ஓடி வந்தாள் டாக்டரம்மா. தன்னோடு வேலை பார்த்தவர் செத்ததைச் சொன்னபோது ஏறாத குரல் இப்போது ஏறியது.

"கல்லைத் திருப்புனா திருப்பி வைக்கத் தெரியாதா உங்களுக்கு? அது கடற்பஞ்சு. உசிர். வெளிச்சமே படாத எடத்துல மட்டும்தான் வளரும். இப்படி மல்லாத்திப் போட்டா அடியில இருக்கறது வெயில்ல சாகும், மேல இருக்கற பாசி இருட்டுல சாகும்."

குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கீழே நண்டு எதுவும் நசுங்காதபடி விலக்கிவிட்டு, கல்லை முன்பு இருந்தது போலவே வைத்தாள். வைத்த பிறகு அதைத் தட்டிக்கொடுத்தாள். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் கற்றுக்கொடுப்பதே இதுதான் என்றாள்.

"எங்க ஆளுங்க தூக்கத்துலகூட ஒரு கல்லைத் தப்பா வைக்க மாட்டாங்க."

மருமகள் மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். காருக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் அனுப்பிய வீடியோவை மறுபடி போடச் சொன்னேன்.

போட்டோக்காரர் நெஞ்சின்மேல் கல். வயிற்றில் கல். தொடையில் கல். ஒவ்வொன்றின் தலையிலும் பச்சைப் பாசி. தேடித் தேடிப் பார்த்தோம். ஒரு கல்லில்கூட ஆரஞ்சு மேலே தெரியவில்லை.

மருமகள் வாயைத் திறந்தாள், இந்த முறை நக்கல் வரவில்லை.

"மேட்டுல இருந்து உருண்ட கல்லு, மாமா. ஒண்ணாவது கவுந்திருக்கணும்ல?"

"உருளல. வச்சது. ஒண்ணொண்ணா, தலை எது கால் எதுன்னு பாத்து வச்சிருக்கு."

பித்தளைக்கு அந்த நாசுக்கு ஏது? கிடைத்ததைத் தூக்கிப் போடுகிறவன். ஆளைக் கொல்லும்போதும் கல்லுக்கு வலிக்காமல் கொல்லத் தெரிந்த கை ஒன்றுதான் அன்றைக்குத் தண்ணீருக்குள் இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இங்கே மற்றவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பும்போதும் விடவில்லை.

"ஆனா மாமா, இது போதாது," என்றாள் மருமகள். "படிச்ச பொம்பள. ஏதாவது சொல்லித் தப்பிச்சிடும்."

சொல்லட்டும் என்றேன். சொல்லவைப்பதுதான் வேலை. அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தபோது விரல் நுனியைப் பார்த்தேன். நகத்துக்குள் ஆரஞ்சு ஏறியிருந்தது. கையைக் கழுவாதே என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டருக்குப் போன் போடச் சொன்னேன்.

கோர்ட்டுக்குப் போகிற நேரத்தில் கூப்பிட்டதற்காக முனகிக்கொண்டே வந்தார் இன்ஸ்பெக்டர். ஆராய்ச்சி ஆபீஸ் மேசையில் டாக்டரம்மா எதிரே உட்காரவைத்து, வீடியோவைப் போட்டு, கற்களின் தலையைக் காட்டினேன். கல் உருண்டு விழுந்தது, திரும்பி வந்து பார்த்தேன் என்று அவள் சொன்ன கதை அங்கேயே படுத்துவிட்டது.

அவள் பதறவில்லை. தூரிகையைக் கழுவி, துடைத்து, டப்பாவில் வைத்தாள்.

"ஆமா. நான்தான் வச்சேன்," என்றாள்.

வார் தகட்டில் மாட்டி, காற்றுத் தீர்ந்து, தான் வருவதற்கு முன்பே அவர் செத்துக் கிடந்தார் என்றாள். மேலே போய் ஆள் கூட்டி வருவதற்குள் மீனும் நண்டும் தின்றுவிடுமே என்று கல்லை வைத்து மூடினேன். ஒரு பிணத்தை அங்கே விட்டு வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் சரிவு என்று சொன்னேன் என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது, சரியாக உடைய வேண்டிய இடத்தில். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். படித்தவர்கள் துக்கப்பட்டால் இவருக்கு உடனே இளகிவிடும். லாக்கப் கதவுக்கு இளகாது.

மருமகள்தான் கேட்டாள்.

"மீன் தின்னக் கூடாதுன்னு மூடினீங்க. சரி. மூஞ்சியை விட்டுட்டு மத்ததையெல்லாம் மூடினீங்களா மேடம்?"

"கல்லு போதல."

"பாறைத் தரையில. கல்லுக்குப் பஞ்சம்."

நான் மருமகளின் கையைப் பிடித்து மேசைமேல் விரித்து வைத்தேன். அதற்குப் பக்கத்தில் போனை வைத்து, படகில் கிடந்தவரின் விரல்களைப் பெரிதாக்கச் சொன்னேன். இவள் கையிலும் அவர் கையிலும் ஒரே ஆரஞ்சு. இவளுக்கு ஒரு விரலில். அவருக்குப் பத்திலும், நகம் பிளந்து, சதைவரைக்கும்.

"வெளிச்சமே படாத எடத்துல மட்டும்தான் வளரும்னு சொன்னது நீங்க," என்றேன். "அவர் கை ரெண்டும் நீங்க வச்ச கல்லுக்கு அடியில இருந்துச்சு. செத்தவன் பிறாண்ட மாட்டாம்மா."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி தலையில் வைத்தார். அவருக்கும் கடைசியில் ஏறிவிட்டது. கல்லை வைத்தது நான்தான் என்று அவளே சொல்லியாகிவிட்டது. வைக்கும்போது அவர் உயிரோடு இருந்தார். காற்று இருந்தது. வாரைக் கழற்ற விடாமல் கையோடு சேர்த்து மூடிவிட்டு, காற்றுத் தீரட்டும் என்று போயிருக்கிறாள். முகத்தை மூடாதது ஏன் என்று எனக்கு இப்போதும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

டாக்டரம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். அவரை வெளியே எடுத்தபோது உங்கள் ஆட்கள் அந்தக் கற்களை எப்படி வைத்தார்கள் என்று.

எடுத்து எடுத்து வீசினார்கள், வேறென்ன செய்வார்கள் என்றார் அவர்.

"அப்ப எல்லாம் செத்துப்போயிருக்கும்," என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. கன்னம் நனைய அழுதாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளினார்.

மிச்சத்தைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவளே சொன்னாள். அந்த நத்தையை முதலில் பார்த்தது போட்டோக்காரர்தான். புதிதாக ஒரு உயிரைக் கண்டால் அதற்குப் பெயர் வைக்கிற உரிமை கண்டவருக்காம். அன்றைக்குப் படகில் போகும்போது, பிறந்து நாற்பது நாளான தன் மகளின் பெயரையே வைத்துவிட்டதாகவும், படத்தோடு எழுதி அனுப்பிவிட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாராம். இருபது வருஷம் அந்தக் கப்பலைக் காத்துக் கிடந்தது இவள், பெயர் ஒரு கைக்குழந்தைக்கு. சந்துக்குள் வார் மாட்டிக்கொண்டு, கழற்றிவிடு என்று அவர் கையைக் காட்டிக் கூப்பிட்டபோது, அந்த நத்தை அவர் தலைக்கு மேலே பாறையில் ஊர்ந்துகொண்டிருந்ததாம்.

"அவர் ஆட்டுன ஆட்டத்துல அது நசுங்கிடும்னு பயந்தேன்," என்றாள்.

மருமகள் எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் வாயை அடைத்தவர்கள் இதுவரை யாருமில்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கோர்ட்டுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதால் பித்தளையைப் போகச் சொன்னார்கள். விரல்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டு என்று ஒரு கான்ஸ்டபிள் மட்டும் சொன்னார், அதையும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. இரண்டு விரல் இனி மடங்காது என்று பார்த்தாலே தெரிந்தது. முங்கிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கை போனால் தொழில் போன மாதிரி.

வாசல் வேப்பமரத்தடியில் அக்காக்காரி அவனை உட்காரவைத்து, புட்டியிலிருந்து தண்ணீர் புகட்டினாள். எனக்குக் கும்பிடு போட்டாள். சாமி என்றாள். எனக்கு அது பிடிக்காது. நான் பித்தளை பக்கத்தில் போய் நின்றேன்.

அன்றைக்கு நீ உள்ளே இருந்தாய், எங்கே இருந்தாய் என்று கேட்டேன். இனி மறைத்து என்ன என்று நினைத்தானோ என்னவோ, சொன்னான். கப்பல் வயிற்றில் ஒரு ஜன்னல் வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தானாம். அவர்கள் வருவதைப் பார்த்து, கடப்பாரையை வெளியே விட்டுவிட்டு, மறுபடி படம் பிடித்துவிடுவாரே என்று உள்ளே ஒளிந்தானாம். ஜன்னல் ஓட்டை வழியாகப் பார்த்தால் சந்து தெரியும்.

"அந்தம்மா கல்லு வச்சதப் பாத்தியா?"

"பாத்தேன். அவங்க எப்பவும் அப்படித்தானே பெரியவரே. கல்ல எடுப்பாங்க, பாப்பாங்க, வைப்பாங்க. அதான் வேலைன்னு நெனச்சேன்."

"கீழ ஆளு கெடந்தாரே."

"படம் எடுக்கப் படுத்திருக்காருன்னு நெனச்சேன்."

அக்கா புட்டியின் மூடியைத் திருகினாள். இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

அந்த அம்மாள் போன பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் வாயிலிருந்து குமிழி வந்துகொண்டுதான் இருந்தது என்றான். தலையை இந்தப் பக்கம் திருப்பினாராம். நீ எங்கே போனாய் என்றேன்.

"வளையத்துல ஒரு போல்ட்டுதான் பாக்கி இருந்துச்சு."

அக்கா அவன் தோளைப் பிடித்து எழுப்பினாள். வாடா, சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு என்றாள், எதுவும் காதில் விழாத குரலில். மருமகள் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரையும் வீட்டில் இறக்கிவிடலாமா என்று என்னைக் கேட்டாள்.

"நெசமா வேலைன்னுதான் நெனச்சேன் பெரியவரே," என்றான் பித்தளை என் முதுகுக்குப் பின்னால்.

ஏற்றிக்கொண்டு போம்மா, நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். இன்னொரு தடவையும் அதையே சொன்னான். அவன் நினைத்திருக்கலாம். நான் நம்பவில்லை.